கரிக்கட்டையான பவ்லோவா

அநியாயம் நடந்தது டீகனுக்கு. அவள் சுட்டு, ஆறட்டும் என்று ஓவனுக்குள்ளேயே விட்டுவைத்திருந்த பவ்லோவா கேக்கை, போட்டியன்று காலையில் கரிக்கட்டையாக்கிவிட்டான் ஃபெர்கஸ்.

நியூசிலாந்தின் டனீடன் நகரில் ஐந்து மாணவர்கள் சேர்ந்து எடுத்திருந்த வீடு அது. 'அவரவர் நாட்டுத் தீனி'ப் போட்டி மதியம் தெருக்கோடி மண்டபத்தில். ஒரு வாரமாகவே வீட்டில் வேறு பேச்சு இல்லை.

"சிப்ஸை ரெண்டு ரொட்டிக்கு நடுவுல வெச்சு அமுக்கினா, அதுக்குப் பேரு சாப்பாடா?" என்று இங்கிலாந்துக்காரி இமொஜென் சீண்டுவாள்.

"டோஸ்ட் மேல பீன்ஸைக் கொட்டித் திங்கிறவ நீ. உனக்கு வாய் வேற!" அயர்லாந்துக்காரி டெர்வ்லா விடமாட்டாள்.

ஆனால் பெரிய சண்டை டீகனுக்கும் ஃபெர்கஸுக்கும்தான். முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் நுரை பொங்க அடித்துச் சுடுகிற பவ்லோவா யாருடையது? அவளுடைய ஆஸ்திரேலியாவுடையதா, இவனுடைய நியூசிலாந்துடையதா?

"திருட்டுப் பசங்களா!"

"யாரு? உங்க ஆளுங்க சாப்பிடத்தான் லாயக்கு!"

இப்படிச் சிரித்துக்கொண்டு சண்டை போட்டவன்தான் இதைச் செய்தான்.

கருகல் வாடை வந்து எல்லோரும் சமையலறைக்கு ஓடினபோது, கையில் தட்டோடு நின்றிருந்தான் ஃபெர்கஸ். தட்டில் வட்டமாக ஒரு கரி.

"யாரு ஓவனைப் போட்டது?" என்று கேட்டாள் டீகன்.

"நான்தான். உள்ளே பாக்கல. சாரி."

இமொஜென் சட்டம் படிக்கிறவள். விடுவாளா?

"பாக்கலையா? உங்க ஊருல எவனாவது கதவைத் திறந்து பாக்காம ஓவனைப் போடுவானா? எந்த வீட்டு ஓவன்லயும் பவ்லோவா ஆறிக்கிட்டிருக்கலாம்னு இங்கே சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நீயே எத்தனை வாட்டி சொல்லியிருக்கே!"

ஃபெர்கஸ் தட்டில் ஒட்டியிருந்த கரியை நகத்தால் சுரண்டினான்.

"அப்போ தெரிஞ்சேதான் செஞ்சிருக்கே."

தோற்றுவிடுவோம் என்ற பயத்தில் ஒருத்தியின் உழைப்பைக் கொளுத்துவதா? அதுவும் தினமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன்! இவனையெல்லாம் எதில் சேர்ப்பது?

"எங்கம்மா போன்ல சொல்லச் சொல்லப் பண்ணினேன்டா. ரெண்டு தடவை அமுங்கிப் போச்சு. இதுதான் நல்லா வந்துச்சு." டீகன் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "இனிமே இவனோட ஒரே வீட்டுல இருக்க என்னால முடியாது. ஒண்ணு இவன் போகணும், இல்ல நான் போறேன்."

எந்த விவகாரமானாலும் கைதூக்கித் தீர்ப்பது அந்த வீட்டு வழக்கம்.

"ஃபெர்கஸ் வெளியே போகணும்கிறவங்க கையைத் தூக்குங்க," என்றாள் இமொஜென்.

டீகனின் கை எழுந்தது. இமொஜெனின் கை எழுந்தது. டெர்வ்லா கொஞ்சம் தயங்கினாள். கரியைப் பார்த்தாள். அவளும் தூக்கினாள்.

"சரி. நான் போய்ப் பெட்டியைக் கட்டறேன்," என்றான் ஃபெர்கஸ், ஏதோ கடைக்குப் போய்வருகிறேன் என்பதுபோல.

கையைத் தூக்காமல் நின்றது மார்லி மட்டும். அமெரிக்காவின் நெப்ராஸ்காவிலிருந்து இந்த மாதம்தான் வந்து சேர்ந்தவள்.

"நீ என்ன சொல்றே, ஸ்பூன்?" என்று அவள் பக்கம் திரும்பினாள் இமொஜென்.

மார்லி ஓர் அடி முன்னால் வந்தாள்.

"ஓவனைப் போட்டது நான்."

"என்னது?"

"சோளரொட்டி சுடறதுக்கு. எங்க வீட்டுல முதல்ல ஓவனைச் சூடு பண்ணிட்டுத்தான் மாவையே கரைப்போம். அதுக்குள்ள குளிச்சுட்டு வந்துடலாம்னு மேல போயிட்டேன். சுட்டதை உள்ளேயே விட்டு வைப்பீங்கன்னு எனக்குத் தெரியாது. வாடை வந்து ஓடி வந்தா, எனக்கு முன்னாடி இவன் நிக்கிறான். 'மேல போ, வாயைத் திறக்காதே'ன்னு என்னைத் துரத்திட்டான்."

மூன்று கைகளும் தாமாகவே கீழே இறங்கின.

யோசித்துப் பார்த்தால் இமொஜெனின் வாதத்தில் ஓட்டையே இல்லை. இந்த நாட்டுக்காரன் கதவைத் திறந்து பார்க்காமல் ஓவனைப் போடவே மாட்டான். அவளே அதைச் சொல்லிவிட்டு, அவனையே குற்றவாளியாகவும் ஆக்கியிருந்தாள்!

டீகன் கதவருகே போய் ஃபெர்கஸை மறித்தாள். கோபம் இப்போது வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"அவ தெரியாமத்தானே பண்ணினா? சொல்லியிருந்தா நான் என்ன அவளைக் கடிச்சா தின்னுடுவேன்? எதுக்குடா நீ பழியை ஏத்துக்கிட்டே? வீட்டை விட்டே போறேங்கிறே!"

ஃபெர்கஸ் தட்டை மேஜைமேல் வைத்தான்.

"வந்த அன்னைக்கே உங்க ஊரு வெஜிமைட்டைச் சாக்லேட்டுன்னு சொல்லி அவ வாயில ஒரு ஸ்பூன் நிறைய ஊட்டினே. ரொட்டியில லேசாத் தடவ வேண்டிய உப்புப் பசை அது. அவ வாந்தியெடுக்க ஓடினா. நாம எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன். அன்னையிலேருந்து இந்த வீட்டுல யாருமே அவளை மார்லின்னு கூப்பிட்டதில்ல. 'ஸ்பூன் வா, ஸ்பூன் போ'ன்னுதான். அவ ரூம் கதவைச் சாத்திக்கிட்டு அழறது உனக்குக் கேக்காது, டீகன். எனக்குப் பக்கத்து ரூம்."

ஃபெர்கஸ் மேஜைமேல் இருந்த கரியைக் காட்டினான்.

"நான் கருக்கினேன்னா அது ரெண்டு நாட்டுச் சண்டை. அவ கருக்கினான்னு தெரிஞ்சா, நாளைக்கு அவளுக்கு என்ன பேரு வெச்சிருப்பே?"