மாடம்மாள்புரம்

சாலைக் கடைத்தெரு மெஸ்ஸில் ஆறுமுகநயினார் மட்டுந்தான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். மெஸ் நடத்தும் அம்மாள் சோறு பரிமாறினாள்.

"எந்த ஊரு தம்பி?"

"நாகர்கோவில் பக்கம், மாடம்மாள்புரம். பேர மறுபடியும் குளத்தூர்னு மாத்தணும்னு மேலத்தெருக்காரனுவ கேஸ் போட்டிருக்கானுவ. ராஜா காலத்து ரிக்கார்டெல்லாம் இங்கதான இருக்கு, பாக்க வந்தேன்."

"மாடம்மாள் யாரு?"

"எங்க அத்தை. நான் பொறக்கதுக்கு முந்தியே குளத்துல எறங்கி தெய்வமாயிட்டா. அப்பாதான் கோயில் கெட்டுனாரு. அவ பேருதான் ஊருக்கே வந்துது. இப்ப எல்லாம் கட்டுக்கதைங்கானுவ. நாக்கு அழுகிரும்!"

"படையல் உண்டா?"

"வருசம் தவறாது. தை மாசம் கடைசிச் செவ்வாய். அவளுக்குப் பிடிக்கும்னு அப்பா பனங்கிழங்கு அவிச்சு வைப்பாரு."

அம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"பனங்கிழங்கா? அது தளவாய் அண்ணனுக்குல்லா பிடிக்கும்! எனக்கு ஆகவே ஆகாது."

ஆறுமுகநயினாரின் கையிலிருந்த சோற்று உருண்டை இலையில் விழுந்தது. அப்பாவின் பெயரை அவர் இன்னும் சொல்லவே இல்லை.

அடுக்களையிலிருந்து ஒரு கிழவர் மலையாளத்தில் கேட்டார். "மாடம்மே, ஆரா அவிடே?"

"எங்க அண்ணன் மகன்" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். பிறகு அவர் இலையில் குழம்பை ஊற்றினாள்.

"இத்தன வருசம் எனக்கு எலை போட்டிய. இன்னைக்கு நான் போட்டிருக்கேன். சாப்பிடு மக்கா."