விசிறிக்குள் செவ்வந்தி

நாகல் நகரில் ஆட்டோவில் வரும்போதே சர்வரின் நோய் தன் மூக்குக்கு எட்டிவிட்டதாக ஓய்வுபெற்ற கணினிப் பராமரிப்பாளர் கருப்பணன் சொல்கிறார். "செவ்வந்தி வாடைன்னு போன்லயே சொன்னேனே தாயி." மருத்துவமனைக் கணினி அறையில் வேலைபார்க்கும் சுகன்யா திரையிலிருந்து திரும்பிப் பார்க்கவில்லை. மாடியில் நினைவின்றிக் கிடக்கும் இன்னாசியம்மாளுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது மருத்துவமனையின் பழைய பதிவில் இருக்கிறது. பெயரைத் தட்டினால் 'யாருமில்லை' என்கிறது திரை. பெயரை வைத்துப் பதிவைக் கண்டெடுக்கும் தேடல் அட்டவணை நேற்றிலிருந்து உடைந்து கிடக்கிறது. டாக்டரின் போன் விடாமல் அடிக்கிறது. "சும்மா இருங்கண்ணே, நானே பதறிப்போய்க் கெடக்கேன்." கருப்பணன் சர்வரின் முதுகுப்பக்கம் கையை விடுகிறார். ஆயுதபூசைச் செவ்வந்தி மாலையின் கருகிய துண்டு விசிறிக்குள்ளிருந்து உதிர்கிறது. "சூடேறிச் சூடேறி நின்னுருக்கு. அட்டவணை எழுதுனது பாதியில அந்துபோச்சு." விசிறி சிறுமலைக் காற்றையெல்லாம் ஒரே மூச்சில் குடிக்கப்போவதுபோல் இரைகிறது. சுகன்யா அட்டவணையை முதலிலிருந்து கட்டவிடுகிறாள். வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைக்கோடு திரையில் எறும்பாய் ஊர்கிறது. அவள் விரல்கள் துப்பட்டா நுனியை முறுக்குகின்றன. இன்னாசியம்மாள் பெயர் வந்து விழுகிறது. போனில் மருந்தின் பெயரை இரண்டு தடவை சொல்கிறாள், மறுமுனையில் டாக்டர், "சரி, வேற ஊசி போடுறோம்." கருப்பணன் கருகிய பூவை முகர்ந்து பார்க்கிறார். சுகன்யா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொள்கிறாள். "மாலை போட்டது நான்தாண்ணே. செவ்வந்தின்னு நாகல் நகர்லயே சொன்னீக. நெசந்தான்."