கடைக்கு வைத்த பொட்டு

இணையத்தில் எங்கள் வளையல் கடையைத் திறந்த அன்றே, கண் பட்டுவிடக் கூடாது என்று மங்கையர்க்கரசி அக்கா அதன் ஓரத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைக்கச் சொன்னாள். கணினியில் வரைந்து வைத்தேன். கண் படவில்லை. யாரும் வாங்கவும் இல்லை.

முதல் ஆளாக ஒரு பெண் போன் செய்தாள். “ஏங்க, மொபைல் வாலட்ல பணம் கட்ட வழியே காணோமே? என்கிட்ட அது மட்டும்தான் இருக்கு. இல்லைன்னா விட்டுடறேன்.”

அக்கா போனைப் பொத்திக்கொண்டாள். “நீ அதைச் சேர்க்கவே இல்லியாடி? இவளும் போயிட்டா கடையை மூடிட வேண்டியதுதான்.”

“சேர்த்தேன்க்கா.”

கணினியில் வாலட் இருந்தது. என் போனில் கடையைத் திறந்தேன். கார்டு இருந்தது, வங்கி இருந்தது. மூன்றாவதாக வாலட் இருக்க வேண்டிய இடத்தில், கணினியில் மிளகளவு இருந்த பொட்டு அப்பளம்போல் விரிந்து உட்கார்ந்திருந்தது.

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “வாங்க வந்தவளையே மறைச்சுடுச்சே! எடுத்துடு.”

எடுத்தேன். “ஆங், வந்துடுச்சுங்க,” என்றாள் அந்தப் பெண். சிறிது நேரத்தில் பணம் வந்த மணி ஒலித்தது.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெறும் மூஞ்சியா இருக்குடி.”

கண்ணோரத்து மையை விரலில் தொட்டு எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் விரல் திரைக்கு முன்னால் நின்றது. நான் கன்னத்தைத் திருப்பிக் காட்டினேன்.