முஸ்தபா பார்த்த படகு

சென்னையை அடுத்த கோவளம் கடற்கரையில் கிடந்த அந்தப் பழைய பாய்மரப் படகை, யாரும் கேள்விப்படாத ஏதோ ஒரு கம்பெனி செய்திருந்தது. முஸ்தபா அதன் அடிப்பக்கத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தார். உள்ளே ஏறி, அதன் சின்ன அறையில் இருந்த படுக்கையில் நீட்டிப் படுத்தும் பார்த்தார்.

"மழை ஒழுகுமா?"

"ஒரு சொட்டு எறங்காது சார்," என்றார் படகை விற்கும் வடிவேலு.

"எவ்வளவு தண்ணி இருந்தா மிதக்கும்?"

"இடுப்பளவு போதும். கடல்ல இன்னா, தண்ணிக்கா பஞ்சம்? பாயைப் பாருங்க, புச்சு மாதிரி கீது!"

"பாய் வேணாம், கழட்டிக்குங்க."

"பாய் இல்லாம எந்தக் கடலுக்கு இட்டுகினு போவீங்க?"

"கடலுக்கு இல்லண்ணா, முடிச்சூர்ல எங்க வீட்டு வாசலுக்கு. போன வெள்ளத்துல, மீட்புப் படகு வர்ற வரைக்கும் அத்தாவையும் அம்மாவையும் சாப்பாட்டு மேசை மேலதான் உக்கார வெச்சிருந்தேன். இந்த வருஷம் மழைக்கு முன்னாடியே இது அங்க நிக்கணும். ஏத்திட்டுப் போக லாரி கிடைக்குமா?"