பச்சை வட்டம்

"உங்களுக்குக் கண்ணு இருக்கா, இல்லையாக்கா?"

கட்டுப் போடும் அறை நர்ஸ் இவ்வளவு சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கட்டிலில் டெய்லர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தலையைக் குனிந்தபடி அவர் மனைவி.

"பச்சையா இருந்தா நல்லது, பழுப்பா மாறினா அன்னிக்கே ஓடி வாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

புது மாதிரிக் கட்டு அது. மேலே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டம். புண்ணில் கிருமி சேர்ந்தால் வட்டம் நிறம் மாறிக் காட்டிக் கொடுத்துவிடும். டெய்லர் சர்க்கரைக்காரர். கால் விரலில் ஊசி இறங்கினாலும் தெரியாது. அதனால்தான் நர்ஸ் பெரிய டாக்டரிடம் கெஞ்சி அவருக்கு அதை வாங்கியிருந்தாள்.

பிரித்துத் தட்டில் போட்ட கட்டின் மேல், வட்டம் சருகு நிறத்தில் இருந்தது.

"இது மாறி மூணு நாளாவது ஆகியிருக்கும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா விரலையே எடுத்திருப்பாங்க."

"சிஸ்டர், தினம் காலைல நான்தான்..." டெய்லர் வாயெடுத்தார்.

"நீங்க சும்மா இருங்க," என்று மனைவி அடக்கினாள். "நான்தான் சிஸ்டர் பார்ப்பேன். மாறினது தெரிஞ்சுது. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம்னு விட்டுட்டேன்."

நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சும்மா உட்கார்ந்திருக்கறவங்களுக்கு இதைக்கூடப் பார்க்க முடியலையா?"

கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் பொய்யில்லை. கடைக்கு எப்போது போனாலும் அவர் முதுகு ஒடியத் தைத்துக்கொண்டிருப்பார். இந்த அம்மா பக்கத்து ஸ்டூலில், நூல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்ப்பாள்.

"அண்ணா கண்ணுல பட்டிருந்தா விட்டிருப்பாரா? எந்தத் துணியைக் கொடுத்தாலும் அச்சு அசலா அதே கலர் நூல்ல தைக்கிற மனுஷன்! அதைச் சொல்லித்தானே மேட்ரன்கிட்ட நர்ஸுங்க யூனிஃபார்ம் அம்பதையும் அவருக்கே கேட்டு வாங்கியிருக்கேன். விரல் போச்சுன்னா எப்படி மிஷின் மிதிப்பாரு?"

மனைவியின் பார்வை நர்ஸின் கோட்டு ஓரத்தில் விழுந்து, அங்கேயே நின்றது.

"சிஸ்டர்... அந்தக் கோட்டைக் கொஞ்சம் கழட்டிக் கொடுங்களேன். மடிப்பு பிரிஞ்சிருக்கு. சாயங்காலம் தைச்சுக் கொண்டாந்துடறேன்."

"இப்ப இதுதான் முக்கியமாக்கா?"

நர்ஸ் குனிந்து பார்த்தாள். மடிப்பு எங்கேயும் பிரியவில்லை.

கரும்பச்சைக் கோட்டில், ஓரம் முழுக்கப் பழுப்பு நூல்.

முந்தாநாள் டெய்லரிடம் அவசரமாக வாங்கிப் பையில் திணித்த கோட்டு. இன்றுதான் போட்டிருக்கிறாள். அன்று கடையில் ஸ்டூல் காலியாக இருந்தது. "மக வீட்டுக்குப் போயிருக்கா சிஸ்டர். நாலு நாளாச்சு, கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு" என்று அவர் சொன்னது இப்போதுதான் உறைத்தது.

நாலு நாளாக ஊரிலேயே இல்லாதவள், எதைத் தினம் பார்த்தாள்? வந்து இறங்கியதும் கண்ணில் பட்டு, கையோடு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

நர்ஸ் தட்டில் கிடந்த வட்டத்தைப் பார்த்தாள். கோட்டு ஓரத்தைப் பார்த்தாள். பச்சையும் பழுப்பும் அவருக்கு ஒன்றுதான். இத்தனை வருஷமும் நிறம் பார்த்து நூல் எடுத்துக் கொடுத்தது அந்த ஸ்டூல்தான்.

டெய்லர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் புண்ணைச் சுத்தம் செய்து, புதுக் கட்டை ஒட்டினாள்.

"வட்டம் ரொம்பச் சின்னது அண்ணா, எனக்கே சரியாத் தெரிய மாட்டேங்குது. இனிமே அக்காவே பார்க்கட்டும். அம்பதுக்கும் துணி நாளைக்குக் கடைக்கு வந்துடும்."

அவர் தலையாட்டினார். செருப்பைத் தேடிக் காலை மெல்ல இறக்கினார்.

நர்ஸ் கோட்டைக் கழற்றி மடித்து, வாசல்வரை போய் மனைவியின் கையில் கொடுத்தாள். குரல் தானாக இறங்கியிருந்தது.

"அடுத்த தடவை மக வீட்டுக்குப் போறப்ப எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கக்கா. டியூட்டி முடிஞ்சு, அந்த ஸ்டூல்ல நான் வந்து உட்கார்ந்துக்கறேன்."