மரங்களுக்கு நடுவே ஒரு சேலை

தலைக்கு மேலே ட்ரோன் இரைந்ததும் ஆடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன. மாதம்மாள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த மண் நிறச் சேலையை உருவிக்கொண்டு மரக்கன்றுகளுக்குள் ஓடினாள்.

அது, மரம் வளர்த்துக் கார்பன் கிரெடிட் விற்கும் கம்பெனிக்கு முப்பது வருடக் குத்தகைக்கு விட்ட அவர்களுடைய நிலம். வேங்கையும் புங்கையும் இடுப்புயரம் வந்திருந்தன. நட்ட மரங்களைத் தவிர வேறு எதையும் பயிரிடக் கூடாது என்பது ஒப்பந்தம். அவள் கணவன் பச்சியப்பன்தான் அங்கே காவல்.

கம்பெனி ட்ரோன் எடுத்த படத்தில் ஒரு சேலை விரிந்து கிடந்தது. அதன் முனையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சூப்பர்வைசர் தினகரன் பச்சியப்பனையும் அழைத்துக்கொண்டு நேரே அங்கே வந்தான்.

"எந்திரிங்கம்மா."

"சேல காயுது சார்."

"ஏன், வூட்டுக் கொடி உங்கூடச் சண்டையா?" என்றபடி பச்சியப்பனே சேலையைச் சுருட்டினான். அடியில் சாண் உயரச் சாமைப் பயிர் மடங்கிக் கிடந்தது. அவன் முகம் இருண்டது. "என் வேலைக்கே உலை வெக்கிறியே. வூட்டுல அரிசியா இல்ல?"

தினகரன் குனிந்து ஒரு கொத்துப் பயிரைப் பற்றினான். "ஒப்பந்தமே ரத்தாயிடும்மா. இந்தத் துளியூண்டு எடத்துல என்ன தேறும், ஒரு படி வருமா?"

மாதம்மாள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வருசா வருசம் போட்டு எடுக்கலன்னா சாமை மொளைக்காது சார். முப்பது வருசம் கழிச்சு நீங்க நெலத்தத் திருப்பித் தர்றப்ப, நாங்க வெதைக்கு எங்க போறது?"