சீனக் கத்தியின் வரிகள்

அலங்காரப் பொருள் கடையில் வருடக்கணக்காகத் துடைத்துத் துடைத்தே அவளுடைய கட்டைவிரல் ரேகை தேய்ந்துபோயிருந்தது. வருகைப் பதிவு மெஷினில் எத்தனை முறை வைத்தாலும் சிவப்பு விளக்குதான்.

“இன்னிக்கும் மக்கர் பண்ணுதாக்கா?” என்றார் சூப்பர்வைசர்.

“என் விரலுக்கே என்னை அடையாளம் தெரியல தம்பி.”

எண்ணெய் போட்டுத் துடைக்க எடுத்திருந்த சீனக் கத்தி கையில் இருந்தது. அதன் எஃகில் அலையலையாக வரிகள் ஓடின. எரிச்சலில் கத்தியின் தட்டையான பக்கத்தை மெஷின்மேல் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. அவள் பெயர் வந்தது.

ஆச்சரியப்படக்கூடத் தெம்பில்லை. கத்தியை உறையில் போட்டு, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் காய்ச்சல். வீட்டில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தவளுக்கு சூப்பர்வைசரிடமிருந்து ஃபோன் வந்தது.

“காலைலயே வந்து பதிவு பண்ணிட்டு எங்கக்கா போனீங்க? கத்தியை வேற மெஷின் பக்கத்துலயே விட்டுட்டு!”